ஸ்டார்ட் பொத்தான் இல்லாதவள்

எஸ்.பி. ரோடு. இம்தியாஸ் கடை.
பிரிண்டர் எலும்புகளுக்கும் ரவுட்டர் மூட்டைக்கும் நடுவே
மஞ்சளேறிப்போன அந்தப் பெட்டி.
"ஓடுமா?"
"உங்களைவிட நல்லா ஓடும்க்கா."
எழுநூறு என்றான். ஐந்நூற்றைம்பது கொடுத்தேன்.
கேசட் ஒன்றைச் சும்மா தந்தான்,
தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் ஆட்டங்கள்
என்று அட்டையில் அச்சிட்டது.

எண்ணிப் பார்த்தவள் நான்.
தொண்ணூற்றேழில், அல்சூர் வீட்டில்,
அம்மை போட்டிருந்த பதினொரு நாளில்
பக்கம் பக்கமாய்த் தள்ளித் தள்ளி.
மொத்தம் பதினாலு.
மற்றதெல்லாம் அவையேதான்,
கடனுக்குப் பயந்து ஊருக்கொரு பெயர்
வைத்துக்கொண்டவனைப் போல.

பெட்டியை மடியில் வைத்து மெட்ரோவில் திரும்பினேன்.
எதிரே ஒருவன் பாராசூட்டில் குதித்தான்,
எம்.ஜி. ரோடு வருவதற்குள் செத்துப்போனான்,
மறுபடி குதித்தான்.
நர்ஸ் உடையில் ஒருத்தி
ஐந்தெழுத்துச் சொல்லொன்றைத் தேடி உதடசைத்தாள்.
டை கட்டியவர் மிட்டாய் உடைத்துக்கொண்டிருந்தார்,
ஃபைல் பார்ப்பவர்போல.
கல்லூரிப் பெண்ணின் பண்ணையில் மழை,
பூசணி பழுத்ததும் தனக்குள் சிரித்தாள்.
குறையாகச் சொல்லவில்லை. அழகான பூசணி.
அல்சூர் வந்தபோது யாரும் தலைதூக்கவில்லை.
நானும்.

முதல் ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் உண்டு.
இரண்டாவதில் அந்த இடம் வழவழவென்றிருக்கும்.
முதலாவது எட்வினுடையது.
சட்டமில்லை, முந்திப் பிறந்தான், அவ்வளவுதான்.
நான் எதையும் தொடங்கியதில்லை.
நிறுத்தியதுமில்லை.
ஒண்ணுக்கு முட்டினாலும்
அவனிடம் சொல்லி, அவன் மனம் வைத்து,
அதற்குள் இரண்டு உயிர் போயிருக்கும்.

டாங்கி ஆட்டம்.
செங்கல் சுவருக்குள் ஒரு குருவி,
அதைக் காப்பது இருவர் வேலை.
மஞ்சள் அவன். பச்சை நான்.
பகைவன் குண்டு பட்டால் சாவு.
கூட்டாளி குண்டு பட்டால் சாவதில்லை,
மினுக்கி மினுக்கி உறைந்து நிற்க வேண்டும்.
அவன் குறி தப்பாது.

வீட்டை விற்ற அன்று
சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸிலும் அப்படித்தான் நின்றேன்,
கையெழுத்துப் போட்ட பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டு.
பிறகு நாலு வருஷம்.

தனியாகத்தான் ஆடினேன்,
ஆனால் இருவர் ஆட்டம் என்று போட்டு.
பச்சை டாங்கி நின்ற இடத்திலேயே நின்றது,
சுட்டார்கள், வந்தது, சுட்டார்கள்.
அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் குருவியை விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் படமெடுத்து அனுப்பினேன்.
ஒரு வார்த்தையும் எழுதவில்லை.
இரண்டு நாள் கழித்து, ராத்திரி ஒன்றரைக்கு:
"பசங்களோட ஆடிட்டிருந்தேன்.
அடாப்டர் சூடாகும், பாத்துக்கோ."
பசங்கள் என்றால்
குவாஹாட்டியில் ஒரு லாரி கம்பெனி கணக்கர்,
ஜகார்த்தாவில் ஒரு பல் டாக்டர்.
முகம் பார்த்ததில்லை,
தினம் ராத்திரி சேர்ந்து சாகிறார்கள்.

ஞாயிறு வந்தான்.
முன்மண்டை காலி. கையில் தில்பசந்த், பாதி பிய்த்தது.
வயர் சிக்கைப் பிரித்தான்.
இரண்டாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.
நான் சொல்லவில்லை.

நாலாம் கட்டம்.
பகைவர் மூன்று பேர் பாக்கி,
குருவிக்கு இடப்பக்கச் சுவர் போயாயிற்று,
அவன் அங்கே குறுக்கே போய் நின்றான்.
ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

எல்லாம் நின்றது.
ஒரு குண்டு பாதிவழியில்.
அவன் கட்டைவிரல்
வழவழப்பில் ஒருமுறை தடவிப் பார்த்தது.
"எவ்ளோ நேரம்டி?"
"பால் வெச்சிருக்கேன், இரு."

அடுப்பில் ஒன்றுமில்லை.
சமையலறையில் கொஞ்ச நேரம்
நின்றுவிட்டு வந்தேன்.